அயவாஸ்காவா, சிலோசைபின் காளானா?

மனச்சோர்விலிருந்து மீள மூலிகை வழி தேடுகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஏதோ ஒரே மருந்தின் இரண்டு வடிவங்கள் என்று நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. அப்படி இல்லை. வேலை செய்யும் விதமும் வேறு, ஆபத்தும் வேறு.

அயவாஸ்கா ஒரு கஷாயம். பெரு, பிரேசில் பக்கத்து அமேசான் காடுகளில் ஒரு கொடியின் தண்டை நசுக்கி, சக்ருனா என்ற செடியின் இலையோடு மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். காட்சிகளைத் தரும் டிஎம்டி இலையில் இருக்கிறது. ஆனால் இலையை மட்டும் குடித்தால் வயிற்றிலுள்ள எம்ஏஓ என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். அந்த நொதியைத் தடுப்பது கொடி. அத்தனை செடிகள் உள்ள காட்டில் இந்த ஜோடியைக் கண்டுபிடித்தவர்களைக் கைகூப்பத் தோன்றுகிறது.

காளானுக்குத் துணை வேண்டாம். அதிலுள்ள சிலோசைபின் என்ற பொருளை, மூளையில் வேலை செய்யும் சிலோசினாக உடம்பே மாற்றிக்கொள்ளும். சிலோசைபினைத் தனியே பிரித்து அளக்கவும் முடியும். ஆய்வுகளில் பெரும்பாலும் 25 மில்லிகிராம் தருகிறார்கள். கஷாயத்தின் வீரியமோ பானைக்குப் பானை மாறும்.

என் பெரிய கவலை அந்தக் கொடியைப் பற்றியதுதான். அது தடுக்கும் நொதிதான் மூளையின் செரடோனின் என்ற வேதிப்பொருளையும் சிதைக்கிறது. மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் அயவாஸ்கா குடித்தால் உடம்பில் செரடோனின் அளவு மீறிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தக் கஷாயத்தைத் தேடிப் போகிறவர்களில் பலர் இத்தகைய மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. காளானில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் மனநோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வலிப்பு வரலாம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

மரபு என்று பார்த்தால் அயவாஸ்காவின் பிடிமானம் இன்னும் உறுதியாக இருக்கிறது. பெருவின் அமேசான் பழங்குடியான ஷிபிபோ மக்களிடம் உப்பு, சர்க்கரை, பன்றி இறைச்சி, மது, உடலுறவு எல்லாம் தவிர்க்கும் பத்தியம் உண்டு. நம் சித்த வைத்தியம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரவில் வைத்தியர் பாடும் இகாரோ பாடல்கள்தான் சடங்கை நடத்திச் செல்கின்றன. வாந்தியைக்கூட அவர்கள் சுத்திகரிப்பாகவே பார்க்கிறார்கள். 2008இல் பெரு அரசு இந்த அறிவைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

காளானின் கதை சோகமானது. மெக்சிகோவின் ஓஹாக்கா மலைகளில் மரியா சபினா என்ற மசாட்டெக் பழங்குடி மூதாட்டி, நோயின் காரணம் அறியவே இரவுச் சடங்கு நடத்தினார். ‘ஆளுமை வளர்ச்சி’ என்பதெல்லாம் பிறகு வெளியார் சேர்த்தது. 1955இல் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் அவரிடம் காளான் உண்டார். 1957இல் அது பத்திரிகையில் வந்ததும் ஊருக்குக் கூட்டம் குவிந்தது. சபினாவின் வீடு எரிக்கப்பட்டது. இன்றைய சிகிச்சை அறைகள் அவருக்குப் பட்டிருக்கும் கடனை நினைப்பதே இல்லை.

ஆய்வுகளில் காளான் முந்துகிறது. ஆனால் 2021இல் 59 பேரிடம் எஸ்சிடாலோபிராமோடு ஒப்பிட்டபோது முக்கிய அளவுகோலில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அயவாஸ்காவுக்கு 2019இல் வந்த பிரேசில் ஆய்வு நம்பிக்கை தருகிறது, அதில் இருந்தவர்கள் 29 பேர்தான்.

இந்தியாவில் டிஎம்டி, சிலோசைபின் இரண்டும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. கொடைக்கானலில் ரகசியமாக விற்கும் காளானை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். அளவும் தெரியாது, கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

தீராத மனச்சோர்வு உள்ள ஒருவர் கேட்டால், மனநல மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் சிலோசைபினையே சொல்வேன். ஆஸ்திரேலியாவில் 2023 முதல் அதற்கு அனுமதி உண்டு. அயவாஸ்காவுக்காகப் பெரு போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, அந்த மையம் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கேட்கிறதா என்பதை. கேட்கவில்லையா, கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை, அங்கே குடிக்காதீர்கள்.