டிஸ்கோர்ஸ் அழகுதான், ஆனாலும் பழைய பிஎச்பிபிபி-யிலேயே தங்கிவிட்டோம்

எங்கள் இணையக் கருத்துக்களம் (ஃபோரம்) டெல்டா விவசாயத்தைப் பற்றியது. குறுவை, சம்பா, தாளடி, பாரம்பரிய நெல், பம்புசெட், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக நடக்கும் மல்லுக்கட்டு, எல்லாம் அதில் வரும். நடத்துகிறவர்கள் ஐந்து பேர்: கும்பகோணத்தில் ஒருவர், மன்னார்குடியில் ஒருவர், பாபநாசத்தில் ஓர் அக்கா, வேதாரண்யம் பக்கம் ஒரு தம்பி, திருத்துறைப்பூண்டியில் நான். சம்பளம் யாருக்கும் கிடையாது, எல்லாருக்கும் வேறு பிழைப்பு இருக்கிறது. களத்தைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்கி, களம் நடத்தும் மென்பொருளான டிஸ்கோர்ஸை (Discourse) மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து, கடைசியில் நாங்கள் முன்பே வைத்திருந்த பிஎச்பிபிபி (phpBB) மென்பொருளின் புதிய பதிப்புக்கே வந்து சேர்ந்தோம். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

"எதுக்கு இந்த வம்பு, வாட்ஸ்அப் குழு போதாதா" என்பார்கள். மழைச் செய்திக்குப் போதும், எங்களுக்கும் ஒரு குழு இருக்கிறது. ஆனால் 1024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதைவிட, நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈக்குப் போன வருஷம் ஒருவர் சொன்ன வழி இன்றைக்கு வேண்டுமென்றால் அது ஆயிரம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் கிடக்கும், கூகுளில் தேடுகிறவருக்கோ கண்ணிலேயே படாது. ஃப்ளாரம் என்று இன்னொரு களம் நடத்தும் மென்பொருள், பார்க்க லேசாக, சுத்தமாக இருந்தது. ஒரு வாரம்தான் ஓட்டினோம், அதை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொன்னால் நியாயமில்லை.

டிஸ்கோர்ஸ் 2013-ல் வந்தது, கைப்பேசி காலத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நூறு பதிவுள்ள இழையில் (ஒரே தலைப்பின் கீழ் வரும் பேச்சில்) எங்கே படித்து நிறுத்தினோமோ அங்கேயே கொண்டுபோய் விடும். பாதி தட்டச்சு செய்யும்போது கரண்ட் போனாலும் எழுதியது வரைவாக நிற்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் நம்பிக்கை நிலைகள். புதிதாக வந்தவர் ஐந்து இழைகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிஷமாவது களத்தில் இருந்தால்தான் அடுத்த படிக்கு ஏறுவார். அதுவரை இஷ்டத்துக்குச் சுட்டிகளைக் கொட்ட முடியாது. கடன் செயலி விளம்பரக்காரர்கள் அதிலேயே பாதி உதிர்ந்துவிட்டார்கள். பிஎச்பிபிபி-யில் புது உறுப்பினரின் முதல் சில பதிவுகளை ஒப்புதலுக்கு நிறுத்திவைக்கலாம், ஆனால் ஒப்புதல் கொடுக்க மனுஷன் உட்கார வேண்டும். மட்டுறுத்தல், அதாவது வேண்டாத பதிவுகளைத் தடுப்பது, அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு என்றால் டிஸ்கோர்ஸ்தான்.

தேடலிலும் அதன் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது. நாம் 'குறுவை' என்று தேடுவோம், எழுதியவர் 'குறுவைக்கு' என்று எழுதியிருப்பார். பிஎச்பிபிபி-யில் கடைசியில் ஓர் உடுக்குறி போட்டு 'குறுவை*' என்று தேடினால்தான் அதுவும் சேர்ந்து வரும், இதை உறுப்பினர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தக் குறி போட்டாலும் 'பட்டம்' (விதைக்கும் பருவம்) என்று தேடினால் 'பட்டத்தில்' அகப்படாது, மகரம் தகரமாகிவிடுகிறதே! 'பட்ட*' என்று தேட வேண்டும், அப்போது பட்டா சங்கதிகளும் சேர்ந்து வந்து நிற்கும். அது தமிழோடு பிறந்த சிக்கல், இரண்டு மென்பொருளையும் அதற்காகத் திட்ட முடியாது.

இவ்வளவும் இருந்தும் ஏன் வேண்டாம் என்றோம்? பராமரிப்பு.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்கள் களத்தைத் தாங்கும் கணினி, அதாவது வழங்கி (சர்வர்), இருந்தது வேறெங்கோ, அதற்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அதன் கடவுச்சொல்லும் வருடக் கட்டணம் கட்டும் பொறுப்பும் வேதாரண்யத் தம்பியிடம் மட்டுமே இருந்தன. அவர் வீட்டில் ஓடு பறந்து, தென்னை சாய்ந்து, கரண்டும் இல்லை, டவரும் இல்லை. கட்டணக் கெடு அதே வாரத்தில் வந்து போயே போய்விட்டது. சாய்ந்த தென்னைக்குக் கணக்கெடுப்பு எப்போது வருகிறார்கள், எந்த ஊரில் தார்ப்பாய் கிடைக்கிறது என்று ஜனங்கள் தேடிக்கொண்டிருந்த ஒன்பது நாளும் எங்கள் களம் இருட்டில் கிடந்தது. தம்பியைக் குறை சொல்ல எங்களில் ஒருவருக்கும் யோக்கியதை இல்லை. அத்தனையையும் ஓர் ஆள் தலையில் கட்டியது நாங்கள்தான்.

இது போதாதென்று, எங்களிடம் இருந்தது பிஎச்பிபிபி 3.0. அந்தக் காலத்தில் ஒரு வசதி சேர்க்க வேண்டுமென்றால் மூல நிரலிலேயே கைவைக்க வேண்டும். நாங்களும் பச்சை வயல் தோற்றம், ஓடும் எழுத்து, நன்றி பொத்தான் என்று ஆசை ஆசையாக வெட்டி ஒட்டியிருந்தோம். அதனால் மேம்படுத்தவே பயம். 3.0-வோ, அது எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் 7-ம் பதிப்பில் ஓடாது. பிஎச்பி 5-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 கடைசியோடு நின்றுபோயின, வழங்கிக்காரரும் அதை எடுத்துவிட்டார். ஒருநாள் காலையில் களத்தைத் திறந்தால் வெள்ளைத் திரைதான் நின்றது.

அப்போதுதான் டிஸ்கோர்ஸை முயன்றோம். அதற்குப் பலர் பகிர்ந்துகொள்ளும் சாதாரண வழங்கி ஆகாது. தனி மெய்நிகர் வழங்கி, அதில் மென்பொருளைப் பொதிந்து ஓட்டும் டாக்கர், கூடவே தரவு வைக்கும் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், அப்புறம் மின்னஞ்சல் அனுப்ப ஒரு சேவை. ஒரு ஜிபி நினைவகத்தில் தத்தளிக்கும், இரண்டு இருந்தால் நிம்மதி. மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்தது, பழைய வழங்கிக்கு வருஷம் முழுக்கவே நாலாயிரத்துக்குள்தான். சரி, காசை ஐந்து பேரும் பகிர்ந்துகொள்ளலாம். மேம்படுத்தலும் பெரும்பாலும் உலாவியிலேயே ஒரு பொத்தானில் முடிகிறது, அந்த விஷயத்தில் பிஎச்பிபிபி-யைவிடச் சுலபம். ஆனால் அவ்வப்போது வழங்கிக்குள் நுழைந்து கருப்புத் திரையில் கட்டளை அடித்து முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். எங்கள் ஐவரில் லினக்ஸ் தெரிந்தவர் மன்னார்குடித் தம்பி ஒருவர்தான். மூன்றாம் மாதம் அவருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. "நான் அங்கேர்ந்து பாத்துக்கறேன் அண்ணே" என்றார். பார்த்துக்கொள்ளவும் செய்வார், ஆனால் மறுபடியும் ஓர் ஆளா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிஎச்பிபிபி 3.3 வந்தது 2020 ஜனவரியில். ஊரடங்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது மாறினோம். வெட்டி ஒட்டியதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, அதன் கூடவே வரும் ப்ரோசில்வர் தோற்றத்தையே வைத்துக்கொண்டோம். கைப்பேசியில் தானாக ஒடுங்கி நிற்கிறது, அது போதும். இப்போது கூடுதல் வசதிகள் தனி அடைவில் நீட்சிகளாக இருக்கின்றன, மூல நிரலைத் தொடும் வேலையே இல்லை. மேம்படுத்துவதென்றால் தரவுத்தளத்துக்கு ஒரு நகல், config.php-யும் ext, files, images, store, styles அடைவுகளும் பத்திரம், மற்ற கோப்புகளை மாற்று, நிறுவியை ஓட்டு, கடைசியில் install அடைவை அழி. சீபேனல் என்ற வழங்கி மேலாண்மைப் பக்கம் தெரிந்த யாரும் செய்யலாம், அந்த மாதிரி ஆள் எந்த ஊரிலும் அகப்படுவார். நான் ஒரு தாளில் எழுதி ஐந்து பேர் வீட்டிலும் கொடுத்திருக்கிறேன், கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கிறது. மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருகிற கணக்கில் வருஷா வருஷம் மே மாதத்தில் இதைச் செய்துவிடுகிறோம். அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கிவிட்டால் களத்தில் கூட்டம் தாங்காது, அப்போது கைவைக்கக் கூடாது.

மாறியபோது முப்பத்தொரு பிரிவை ஒன்பதாகச் சுருக்கியதற்குத்தான் வாங்கிக்கட்டிக்கொண்டோம். "மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக்கவுனியையும் ஒரே பிரிவில் போட்டுட்டீங்களே" என்று ஒரு பெரியவர் இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. தோற்றம் மாறியதை ஒருவரும் கேட்கவில்லை.

உங்களில் இரண்டு பேருக்காவது கட்டளைத் திரை கை பழகியிருந்தால், உறுப்பினர்களும் மின்னஞ்சல் பார்க்கிறவர்களாக இருந்தால், நான் சொல்வதைத் தள்ளிவிட்டு டிஸ்கோர்ஸுக்கே போங்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் என்பது போன் வாங்கிய கடையில் பையன் போட்டுக்கொடுத்தது, கடவுச்சொல் அந்தப் பையனுக்குத்தான் தெரியும். பல்லாயிரம் உறுப்பினர்கள் உள்ள களத்தை நாங்கள் நடத்தியதில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

வருகிற மே மாதம் மேம்படுத்தப்போவது பாபநாசத்து அக்கா, அவருக்கு இதுதான் முதல் முறை. தாளைப் பார்த்து அவரே செய்வார், நான் பக்கத்தில் காபியோடு உட்காருவேன், விசைப்பலகையைத் தொடக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டார்.