ஒரே பொருள், ஆளுக்கொரு விலை: இன்காக்னிட்டோவா, இன்னொரு ஃபோனா, விபிஎன்னா?

ஆன்லைன் கடை நமக்கு மட்டும் விலையை ஏற்றிக் காட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தால், எல்லாரும் சொல்லும் முதல் வைத்தியம் இன்காக்னிட்டோ, அதாவது பிரவுசரின் தனி மறைவுச் சாளரம். இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2000 செப்டம்பரில் அமேசான் ஒரே டிவிடியை ஆளுக்கொரு விலையில் விற்றது அம்பலமானது. குக்கீயை (நம்மை அடையாளம் காணத் தளம் நம் கணினியில் வைக்கும் சிறு குறிப்பு) அழித்த ஒருவருக்கு 26.24 டாலர் விலை 22.74க்கு இறங்கியது. குலுக்கல் முறையில் நடத்திய சோதனைதான் என்று சொன்ன நிறுவனம், 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பிக் கொடுத்தது.

குக்கீயை அழித்தால் விலை இறங்கும் என்ற நம்பிக்கை வேர் பிடித்தது அன்றுதான். இன்றைக்கு அது பாதிதான் சரி. இன்காக்னிட்டோ பழைய குக்கீயையும் லாகினையும் மட்டுமே கழற்றிவிடும். ஐபி முகவரி (நம் இணைய இணைப்பின் எண்), அதிலிருந்து தெரியும் ஊர், கருவியின் வகை, திரை அளவு எல்லாம் வழக்கம்போலக் கடைக்குப் போய்ச் சேரும். 2012இல் ஆர்பிட்ஸ் பயணத் தளம் ஆப்பிளின் மேக் கணினியில் வந்தவர்களுக்கு விலை கூடிய ஓட்டல்களை மேலே காட்டியது தெரியவந்தது. இன்காக்னிட்டோவில் திறந்தாலும் மேக் மேக்தான். அங்கே ஒரே அறைக்கு விலை மாறவில்லை, பட்டியலின் வரிசைதான் மாறியது. இந்த வகைக்கு மருந்து எளிது: ‘விலை குறைவிலிருந்து கூடுதல்’ என்று வரிசையை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

லாகினைக் கழற்றினால் நட்டமும் வரலாம். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் 16 தளங்களைச் சோதித்தார்கள். ஆர்பிட்ஸிலும் சீப்டிக்கெட்ஸ் என்ற பயணத் தளத்திலும் உறுப்பினர்களுக்குச் சில ஓட்டல்கள் மலிவாக இருந்தன. டிராவலாசிட்டி என்ற இன்னொரு பயணத் தளத்தில் ஐஃபோன்காரர்களுக்குச் சில அறைகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ஐஃபோன் என்றாலே அதிகம் பிடுங்குவார்கள் என்ற பேச்சுக்கு நேர் எதிர்.

நாம் வேறு ஊரிலிருந்து வருவதுபோலக் காட்டும் சேவையான விபிஎன் வேலை செய்வது ஊரை வைத்து விலை போடும் இடத்தில்தான். அமெரிக்க அலுவலகப் பொருள் கடையான ஸ்டேப்ல்ஸின் தளத்தில் ஒரே ஸ்டேப்லர் ஒருவருக்கு 15.79 டாலர், இன்னொருவருக்கு 14.29 என்று இருந்ததை 2012இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் கண்டுபிடித்தது. போட்டிக் கடை சுமார் 20 மைலுக்குள் இருந்த பகுதிகளில் பெரும்பாலும் மலிவு. ஆனால் டெலிவரிக்குப் பின்கோடு கேட்கும் தளத்தில் விபிஎன் பெரிதாக உதவாது. பின்கோடு மாறினால் விற்பவரே மாறலாம், விலையும் கூடவே மாறும். வெளிநாட்டு விலையில் வாங்கினால், இந்தியக் கார்டுகள் பலவற்றில் 2 முதல் 3.5 சதவீதம் வரை நாணய மாற்றுக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 3 சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய் 3.54 சதவீதம் கட்டுவது இப்படித்தான்.

ஆப்பா, இணையதளமா என்றால், இருப்பிட அனுமதி கேட்கும் ஆப்பிடம் கூடுதல் கவனம் வேண்டும். 2019இல் அமெரிக்காவின் டார்கெட் கடை ஆப்பில் 499.99 டாலர் டிவி, கடையின் பார்க்கிங்கை அடைந்ததும் 599.99 ஆனதை ஒரு தொலைக்காட்சி நிலையம் படம்பிடித்துக் காட்டியது. அனுமதியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

எங்கள் ஓட்டு இன்னொரு ஃபோனுக்குத்தான்: வேறு கணக்கு, முடிந்தால் வேறு இயங்குதளம், அதே பின்கோடு. கணக்கு, கருவி, கூப்பன் என்று எது விலையை மாற்றினாலும் இதில் தெரிந்துவிடும். ஒழுங்காகச் செய்தால் மட்டும். ஒன்றில் காலையிலும் மற்றதில் மாலையிலும் பார்த்தால் நேரம் மாறியதற்கான வித்தியாசத்தைக் கடையின் தந்திரம் என்று நினைத்துவிடுவோம். இரண்டையும் ஒரே நிமிடத்தில் திறந்து, அதே விற்பவரா, அதே நிறமும் அளவுமா என்று பாருங்கள். பிறகு பலர் விட்டுவிடும் படி: முதல் ஃபோனிலேயே பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். அங்கேயே விலை ஆடினால், இரண்டு ஃபோனுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றையும் நிரூபிக்காது.

வாடகைக் கார் ஆப்களில் இந்தச் சோதனை அடிக்கடி தவறுவது இதனால்தான். 2025 ஜனவரியில் இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வேறு கட்டணமா என்று ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது, இரண்டும் மறுத்தன. அருகருகே இருக்கும் இரண்டு ஃபோனிலும் ஏறுமிடக் குறி சில மீட்டர் தள்ளி விழலாம், ஒன்றில் கூப்பன் இருக்கலாம், கிராக்கி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஏறுமிடத்தைக் கையால் ஒரே புள்ளியில் வைத்து நாலைந்து முறையாவது பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

எந்த வழியில் பார்த்தாலும் பொருளின் பக்கத்தில் நிற்காதீர்கள். கூப்பன், வங்கிக் கார்டு தள்ளுபடி, டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஆள் பிரிவது கடைசிப் பக்கத்தில். ‘பணம் செலுத்து’ பொத்தானுக்கு மேலே இருக்கும் மொத்தத் தொகையை இரண்டு ஃபோனிலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிடுங்கள்.