டிடிஎல் இல்லாத ஃபிளாஷ், ஒரு வெள்ளைக் குடை: சில வருட அனுபவம்

போர்ட்ரெய்ட்டுக்கு ஃபிளாஷ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "டிடிஎல் இருக்கா?" என்றுதான். லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷ் பவரைத் தானே தீர்மானிக்கும் வசதி அது. கோடாக்ஸ் டிடி600 என்ற ஃபிளாஷில் அது கிடையாது. இரண்டை வைத்துச் சில வருடங்கள் ஓட்டியாயிற்று. உட்காரவைத்து எடுக்கும் படங்களில் அது இல்லாத குறையே தெரியவில்லை. ஆளும் ஃபிளாஷும் நகராதவரை, 1/16 பவரில் ஒருமுறை சரியாக அமைந்த வெளிச்சம் கடைசிப் படம்வரை மாறாது. கறுப்புச் சட்டைக்காரர் எழுந்து வெள்ளை வேட்டிக்காரர் உட்கார்ந்தாலும் அதே வெளிச்சம்தான். ஓடியாடும் குழந்தைகளுக்கும் கல்யாண வரவேற்புக்கும் மட்டும் டிடிஎல் உள்ள மாடல் வாங்குங்கள்.

முகத்தைத் தீர்மானிப்பது குடைதான். மாநிறத் தோலில், அதுவும் வியர்த்த நெற்றியில், வெறும் ஃபிளாஷ் பளிச்சென்று வெள்ளைத் திட்டு விழவைக்கும். ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடையை அருகே கொண்டுவந்தால் அந்தத் திட்டு பரவி மென்மையாகிறது. 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 4 மடங்கு, அதாவது 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதற்கேற்பப் பவரைக் குறைத்ததும் பின்சுவர் இருண்டுவிடும். காரை பெயர்ந்த சுவரை மறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது! மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் குடையை உயர்த்தி ஓரமாகத் தள்ளி, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது குத்துவிளக்குப் பக்கத்தில் எடுக்கும் படம். ஃபிளாஷ் முகப்பில் முழு சிடிஓ என்கிற ஆரஞ்சு ஜெல் (ஒளியின் நிறத்தை மாற்றும் கண்ணாடித்தாள்), கேமராவில் நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் 3200 கெல்வின், பவர் 1/64. ஷட்டர் வேகத்தை 1/15 விநாடி வரை இறக்கினால் சுடரின் ஒளி கூடிக்கொண்டே வரும். முகத்தில் விழும் ஃபிளாஷ் வெளிச்சம் அப்படியே நிற்கும். ஜெல் இல்லாவிட்டால் முகம் நீலம் பூத்து, விளக்குக்குச் சம்பந்தமில்லாத ஆள் மாதிரி தெரியும். எண்ணெய்ச் சுடரின் நிறம் 3200 கெல்வினுக்கும் கீழே என்பதால், ஜெல் போட்டும் சுடர் பொன்னிறம் மாறாமல் இருக்கும். அதுதான் வேண்டும்.

உச்சி வெயிலில் இது எடுபடாது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/200 வைத்தால் வெயிலே அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, எஃப் 11-க்குச் சுருக்கச் சொல்லும். குடை வழியாக வரும் சின்ன ஃபிளாஷ் முழு பவரில் மூச்சுவாங்கும். கேமராமேல் மாட்டும் டிரிகர் வழியாக எச்எஸ்எஸ் (அதிவேக ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிக்கும் வசதி) போட்டு அப்பர்ச்சரைத் திறக்கலாம்தான், ஆனால் அதிலேயே பவரில் பாதிக்கு மேல் போய்விடும். நான் மரநிழல் தேடுவேன், இல்லையென்றால் பொழுது சாயட்டும் என்று இருந்துவிடுவேன்.

செல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்கள் நான்கு உள்ளே, நான்கு பையில். ஆல்கலைன் போட்டால் அடுத்த ஷாட்டுக்குக் காத்திருக்கும் நேரம் போகப்போக நீளும். மொட்டைமாடி என்றால் ஸ்டாண்டில் தண்ணீர் கேன் ஒன்றைத் தொங்கவிடுங்கள். காற்று வந்தால் குடை முதலில் போகும், கூடவே ஃபிளாஷும்.