பீரோவில் இரண்டே முக்கால் வருடம் கிடந்த ஹீலியோஸ்

2017இல் பழைய ஹீலியோஸ் 44-2 ஒன்றை வாங்கினேன். செனித் கேமராக்களோடு வந்துகொண்டிருந்த சோவியத் காலத்து லென்ஸ். 58 மி.மீ., எஃப் 2 (வெளிச்சம் நுழையும் துவாரம் முழுக்கத் திறந்த அளவு). என்னுடையதன் வரிசை எண் 79இல் தொடங்குகிறது. 1979இல் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்த வடிவமைப்பு. ஆளை நிற்க வைத்து எஃப் 2வில் எடுத்தால் பின்னாலிருக்கும் இலைகள் சுழல்வதுபோல விழும். அந்தச் சுழலுக்காகத்தான் வாங்கினேன். எம்42 அடாப்டர் (பழைய திருகு லென்ஸைப் புதுக் கேமராவில் பொருத்தும் வளையம்) போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டி மூன்று வருடம் ஆசை தீரப் படம் எடுத்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். கூடவே ஏதோ செருப்புப் பெட்டியில் வந்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. அப்புறம் மறந்தே போனேன். 2022 டிசம்பரில் சென்னை மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால், உறையைத் திறந்ததும் நூலகத்துப் பழைய புத்தக வாசனை. லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். உள்ளே புள்ளிகள்.

முதலில் செய்தது முட்டாள்தனம். கேமராவில் மாட்டி, எஃப் 16 வைத்து, அதாவது துவாரத்தை மிகச் சிறிதாக்கி, வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தேன். படத்தில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள். சரி, லென்ஸ் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் சந்தேகம் வந்து வேறு லென்ஸை மாட்டி அதே சுவரை எடுத்தால், அதே இடத்தில் அதே புள்ளிகள்! அவை கேமரா சென்ஸாரில் ஒட்டிய தூசி. லென்ஸுக்குள் இருக்கும் அழுக்கு படத்தில் இப்படித் தெளிவான புள்ளியாக விழுவதில்லை. அதிகமானால் படம் மங்கும், வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் வெளிறும், பின்னணியின் ஒளி வட்டங்களுக்குள் கறை தெரியலாம். அவ்வளவுதான்.

அடுத்து டார்ச். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் கண்தான் கூசும். சாய்வாக அடித்தால் இல்லாத தூசியெல்லாம் நட்சத்திரம்போல மின்னும், அதற்கும் பயப்படக் கூடாது. 44-2இல் ஒரு வசதி, துவாரத்தைச் சுருக்கும் அபர்ச்சர் இதழ்களைக் கையாலேயே மெதுவாக மூடலாம். முழுக்க மூடி முன்னால் இருந்து பார்த்தேன். கறுப்பு இதழ்களின் மேல் அப்போதும் தெரிகிற புள்ளி, இதழுக்கு முன்னே இருக்கும் கண்ணாடிகளில் இருக்கிறது. மறைந்துவிட்டால் பின்னே. லென்ஸைத் திருப்பிப் பின்னாலிருந்தும் இதையே செய்தால் பாதி விசாரணை முடிந்தது.

இப்படிப் பார்த்ததில் மூன்று வகை தெரிந்தது. முன்பக்கக் கண்ணாடியில் குண்டூசி முனை அளவில் இரண்டு பளிச்சென்ற, அச்சு வட்டமான புள்ளிகள். விளிம்பை ஒட்டிச் சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளைத் திட்டுகள். இதழ்களுக்குப் பின்னே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வேர்போலக் கிளை பிரிந்த மெல்லிய இழைகள். நான் மூன்றையும் பூஞ்சை என்று எழுதிவைத்தேன்.

அண்ணா சாலைப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முன்னாடி இருக்கிறது காத்துக் குமிழ் தம்பி. கண்ணாடி வார்க்கும்போதே வந்தது. நீங்க இப்பதான் பாக்குறீங்க.”

“ஓரத்துல வெள்ளையா இருக்கே சார்?”

“அது கண்ணாடி ஓரத்துல அடிச்ச கறுப்பு பெயின்ட். கண்ணாடிய விட்டுப் பிரிஞ்சதால வெள்ளையாத் தெரியுது. படத்துல வராததுக்கு ஏன் கழட்டணும்?”

இழைகள் மட்டும்தான் பூஞ்சை. மூன்றில் ஒன்றுதான் எனக்குச் சரியாக வந்தது. பின்பக்கக் கண்ணாடித் தொகுதியைக் கழற்றித் துடைத்துத் தர 800 ரூபாய் வாங்கினார். இழைகள் போய்விட்டன, ஆனால் டார்ச் அடித்தால் அவை இருந்த இடத்தில் நெல்லிக்காய் இலைபோல ஒரு மெல்லிய தடம் இன்னும் தெரிகிறது. பூஞ்சை அமிலம் கக்கும். அது மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்து மீட்க முடியாது. தாமதத்துக்கு நான் கொடுத்த விலை அது.

அதற்குப் பிறகு அதிகம் எடுத்திருக்கிறேன். சாதாரண வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லை. சூரியனுக்கு எதிரே எடுத்தால் வெளிறுகிறது, ஆனால் இந்த லென்ஸ் புதுசாக இருந்தபோதே அப்படித்தான் வெளிறியிருக்கும். அதனால் பழியைத் தடத்தின் மேல் போட மனசு வரவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்பது எனக்கு இப்போது தெளிவு. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தானே பூஞ்சை பிடிக்கும். வருடக்கணக்கில் கிடக்கும் லென்ஸை அதில் வைக்கவே கூடாது. செருப்புப் பெட்டிப் பொட்டலம் வீட்டுக்கு வரும்போதே ஈரம் குடித்து நிறைந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் அதற்கு ஐப்பசி, கார்த்திகை போதும். அரிசி டப்பாவில் போடச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி, லென்ஸுக்குள் தவிடு போவதுதான் மிச்சம். வெயிலில் காயவைக்கச் சொல்பவர்களிடமும் கவனம் தேவை. எஃப் 2 லென்ஸ் நல்ல பூதக்கண்ணாடி, மொட்டை மாடியில் விட்டுவிட்டு வந்தால் துணியில் ஓட்டை விழும்.

ஈரத்தைத் தானே கட்டுப்படுத்தும் அலமாரியான டிரை கேபினெட் வாங்க இரண்டு லென்ஸ் வைத்திருப்பவனுக்குக் காரணம் போதவில்லை. ரப்பர் பட்டை வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ நீலச் சிலிக்கா ஜெல், ஒரு குட்டி ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்கிறது. நீலம் இளஞ்சிவப்பானால் வாணலியில் இட்டு மிதமான சூட்டில் வறுக்கிறேன், மறுபடி நீலமாகிவிடும். அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையலுக்கு உதவாத தனி வாணலி வேண்டும். அதன் அடியில் அம்மா சிவப்பு பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பரண் மேல் தனியாக வைத்திருக்கிறார்.