முப்பது மடங்கு என்று எழுதிய கைவில்லையும் கடுகுப் பூவும்

திருகோணமலைப் பிரதான வீதியில் பாடசாலை உபகரணங்கள் விற்கும் கடையொன்றில் 1,450 ரூபா கொடுத்து வாங்கிய மடக்குக் கைவில்லை (சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. பெட்டியில் கம்பனிப் பெயர் எதுவும் இல்லை, "30×, 21 மி.மீ." என்ற எழுத்து மட்டும் உலோக உறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த முப்பது பொய்; ஆனாலும் வில்லை வாங்கத் தக்கது.

ஒரு வில்லையின் உருப்பெருக்கத்தை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. பகல் நேரத்தில் யன்னலுக்கு எதிர்ப்புறமாக நின்று, வெளியே நிற்கும் மரத்தின் தலைகீழ் விம்பம் வெள்ளைத் தாளில் தெளிவாக விழும்வரை வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தி, வில்லைக்கும் தாளுக்கும் இடைப்பட்ட தூரத்தை, அதாவது குவியத் தூரத்தை, அடிமட்டத்தால் அளந்து, கண் தெளிவாகப் பார்க்கும் கிட்டிய தூரமாகக் கொள்ளப்படும் 250 மி.மீ.ஐ அந்த மில்லிமீற்றர் எண்ணால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். இந்த வில்லை ஏறத்தாழ 25 மி.மீ. தூரத்தில் விம்பத்தை வீழ்த்துகிறது. ஆகவே இது 10 மடங்கு. உண்மையான 30 மடங்கு வில்லையின் குவியத் தூரம் 8 மி.மீ. அளவில்தான் இருக்கும்; 21 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியில் அது நடைமுறைக்கு ஒவ்வாத காரியம். தாவரவியலாளர்கள் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிவதும் பெரும்பாலும் 10 மடங்கு வில்லையைத்தான் என்பதால், வாங்கியவருக்கு இதில் பெரிய நட்டமில்லை.

சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது கடுகுக் குடும்பத்தை. எங்கோ ஒரு மலையுச்சியில் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த புதிய காட்டுப்பூ கண்டறியப்பட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், நான்கு இதழ் கொண்ட சின்னப் பூவில் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஏறத்தாழ 4,000 இனங்களைக் கொண்ட இந்தக் குடும்பத்தில் கோவாவும் முள்ளங்கியும் இமயமலைப் பாறையிடுக்கில் வளரும் செடியும் ஒரே வார்ப்பில் பூக்கின்றன. அதனால்தான் இக்குடும்பத்தில் இனத்தைப் பிரித்தறிய முனைபவர் பூவோடு நின்றுவிடாமல் காயையும் விதையையும் இலை மயிரையும் தேடிப்போக வேண்டியிருக்கிறது. மூன்றும் வெறுங்கண்ணுக்கு எட்டாதவை, அல்லது அரைகுறையாக எட்டுபவை. ஒரு வில்லைக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இல்லை.

சமையலறைக் கடுகை மாரி காலத்தில் பூச்சட்டியில் தூவினாலே பூ கிடைத்துவிடும். வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். வில்லையைப் பூவுக்கருகே பிடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பவர்கள் எந்த வில்லையையும் குறைசொல்லத்தான் செய்வார்கள். குறுக்காக அமைந்த நான்கு அல்லி இதழ்களின் நடுவே மகரந்தம் தாங்கும் ஆறு கேசரங்கள் நிற்கின்றன: உள்ளே நெட்டையாக நான்கு, வெளியே குட்டையாக இரண்டு. குட்டைக் கேசரத்தின் அடியில் பச்சையாக மினுங்கும் தேன்சுரப்பி வரை இந்த வில்லை காட்டியது. வீதியோரத்து நாய்க்கடுகையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெயரிலும் மஞ்சள் இதழ் நான்கிலும் கடுகாகத் தோற்றம் காட்டினாலும், அதன் கேசரங்களை எண்ணினால் ஆறைத் தாண்டிப் போகிறது. அது அயல் குடும்பம். முற்றிய கடுகுக் காயின் இரு ஓடுகளையும் நகத்தால் கழற்றினால் கண்ணாடித்தாள் போன்ற பிரிசுவர் ஒன்று சட்டத்தில் இழுத்துக் கட்டியதுபோல் மிஞ்சுகிறது. நாய்க்கடுகின் காயில் அந்தச் சுவர் கிடையாது.

மயிருக்கு வரும்போதுதான் வில்லையின் தரம் வெளிப்படுகிறது. கடுகிலும் முள்ளங்கியிலும் இருப்பவை கிளைக்காத ஒற்றை மயிர்கள். மலைகளில் அதிகம் பரவிய 'ட்ராபா' சாதியோ (சாதி என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) ஏறத்தாழ 400 இனங்களோடு இக்குடும்பத்திலேயே மிகப் பெரியது. அதில் ஒற்றை மயிர், இரண்டாகக் கிளைக்கும் கவர்மயிர், நட்சத்திர மயிர் என்று பல வகை உண்டு. எந்த மயிர் இலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே பல இடங்களில் ஓரினத்தை மற்றதிலிருந்து பிரிக்கும் அடையாளமாகிறது. நம் ஊரில் ட்ராபாவுக்கு எங்கே போவது? கத்தரி இலையின் அடிப்பக்கம் போதும். ஒரு புள்ளியிலிருந்து பல திசைக்கும் கதிர் விரிக்கும் நட்சத்திர மயிர்கள் இந்த வில்லையின் நடுப்பகுதியில் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் பார்வைப் பரப்பின் வெளி விளிம்பில் ஒவ்வொரு மயிரைச் சுற்றியும் ஊதாவும் மஞ்சளுமாக நிறக்கரை விழுந்து, கதிர்களை எண்ண முடியாமல் செய்தது. மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த நல்ல வில்லைகளில் இந்தக் கரை அநேகமாகத் தெரியாது. விலையும் அதற்கேற்ப ஏறும்.

ஆகவே புதிய இனமொன்றை விபரிக்கும் வேலைக்கு இது போதுமா என்று கேட்டால், மலையில் நின்றபடி "இது வேறாக இருக்கிறதே" என்று சந்தேகிக்கும் கட்டம்வரை போதும் என்பேன். அதற்கு மேலே உள்ளது நுணுக்குக்காட்டியின் வேலையும் ஒப்பீட்டு வேலையும்: பூவோடு முதிர்ந்த காயும் உள்ள மாதிரியை உலர்த்தித் தாளில் ஒட்டி, பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை இலத்தீனிலோ 2012 முதல் ஆங்கிலத்திலோ எழுதி, பெயருக்கு ஆதாரமான வகைமாதிரி எந்த உலர்தாவரகத்தில் (உலர்த்திய தாவரங்களைச் சேமிக்கும் இடத்தில்) இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டால்தான் பெயர் செல்லுபடியாகும். இலங்கையில் அப்படிப்பட்ட தாள்களைப் பார்க்க வேண்டியவர் பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரகத்துக்குப் போக வேண்டும்.

உறையைப் பற்றி ஒரு குறை. வில்லையைத் தாங்கும் திருகாணி கடற்காற்றில் சீக்கிரமே துருவேறிவிட்டது. இப்போது மடக்கும்போது கறுமுறுக்கிறது. தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்தால் சமாளிக்கலாம், கண்ணாடியில் பட்டுவிடக் கூடாது. கயிறு கோர்க்கும் துளை உண்டு, கயிறு தருவதில்லை. கடையில் வாங்கும்போதே பெட்டியைத் திறந்து கட்டக் கொப்பியின் கோடுகளை இதனால் பாருங்கள்; கோடு நடுவிலேயே வளைந்தாலோ கண்ணாடிகளுக்கிடையே தூசி தெரிந்தாலோ வேறொன்றைக் கேளுங்கள். எனக்கு முதலில் தந்ததில் தூசி இருந்தது, முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.