சுங்கை சிப்புட் நோட்டரி அலுவலகம்: நிதானமான வேலை

அசல் பத்திரம் கையில் இல்லாவிட்டால், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள இந்த நோட்டரி அலுவலகத்தில் நகலுக்குச் சான்று கிடைக்காது. அதுவே இவர்களை நம்புவதற்கு முதல் காரணம். நகலின் நகலுக்கு முத்திரை குத்துவதில்லை.

வெளியே எடுத்த நகலையும் வாங்குவதில்லை. அசலைப் பெற்று அங்கேயே நகலெடுத்து, நோட்டரி (சான்றளிக்கும் அதிகாரம் பெற்ற வழக்கறிஞர்) இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுகிறார். பழைய பிறப்புப் பத்திரத்தின் பின்பக்கக் குறிப்பும் விடுபடுவதில்லை. பிறகுதான் சான்று வாசகம், தேதி, கையெழுத்து, அழுத்து முத்திரை. பல பக்கங்கள் இருந்தால் நாடாவால் கட்டி, அதன்மேல் முத்திரை ஒட்டுகிறார்கள். ஸ்கேன் எடுக்க அந்தக் கட்டை அவிழ்க்கவே கூடாது. பக்கம் எதுவும் மாற்றப்படவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அவிழ்த்ததை வெளிநாட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தோட்டத்துக் குடும்பங்கள் அதிகம் இடறுவது பெயரில்தான். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்காகத் தாத்தா பாட்டியின் பத்திரங்களை எடுத்தால், கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பது வேறொன்று. நகல் அசலுக்கு ஒத்திருக்கிறது என்று மட்டுமே நோட்டரி சொல்வார். அசலில் உள்ள தகவல் சரியா என்பது அவர் பொறுப்பல்ல, ஆகவே பிழை பிழையாகவே நகலில் நிற்கும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று காட்ட, 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி தனியாகச் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். பணம் வாங்குவதற்கு முன்பே இதை விளக்கிவிடுகிறார்கள். பாராட்ட வேண்டிய பழக்கம்.

லேமினேட் செய்த பத்திரத்தை ஏற்கத் தயங்குகிறார்கள், தாளையும் முத்திரையையும் தொட்டுப் பார்க்க முடியாதே! வீட்டில் உரிக்க முயலாதீர்கள், மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பதிவிலாகாவில் புதிதாக ஒரு பிரதி கேட்பதே மேல்.

உள்ளூர்ப் பள்ளிக்கோ இலாகாவுக்கோ என்றால், பெரும்பாலும் தலைமையாசிரியர் அல்லது அரசாங்க உயர் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையுமே போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் நகலுக்குத்தான் நோட்டரி தேவை. கேட்கும் நாட்டைப் பொறுத்து, அதன் பிறகு விஸ்மா புத்ராவிலும் (மலேசிய வெளியுறவு அமைச்சு) அந்நாட்டுத் தூதரகத்திலும் முத்திரை பெற வேண்டியிருக்கும்.

ஒரே குறை, கட்டணத்தைத் தொலைபேசியில் சொல்ல மறுக்கிறார்கள். கணக்கு ஒவ்வொரு நகலுக்கும் தனித்தனி. எத்தனை செட் தேவை என்று பெறும் கல்லூரியிடமோ தூதரகத்திடமோ முதலில் கேட்டு, முகப்பில் மொத்தத் தொகையைத் தெரிந்துகொண்ட பிறகே அசலைக் கொடுங்கள்.