முட்டை நிறுத்தாத பெண் காக்டெய்லுக்கு எந்தப் பச்சை: அவித்த கலவையா, முளைப்பயறா, கொத்தாகக் கட்டிய இலையா?

இலங்கை மலைநாட்டின் தலவாக்கலைக்கு மேலே உள்ள எங்கள் வீட்டில் நான்கு வருடங்களாக ஒரு பெண் காக்டெய்ல் (cockatiel என்னும் கொண்டையுள்ள சிறு கிளி) வளர்கிறது. அதற்கு ஆண் துணை இல்லை. இருந்தும் சென்ற வருடம் அது ஐந்து முட்டைகள் இட்டு அடைகாத்தது. அடையை விட்டு எழுந்த மூன்றாம் கிழமையே மறுபடியும் முட்டையிடத் தொடங்கியது. 90 கிராம் அளவே நிறையுள்ள இந்தப் பறவையின் முட்டை ஒன்று ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒருவர் இரண்டரைக் கிலோவுக்கும் கூடிய பாரத்தை ஒன்றுவிட்ட ஒருநாள் தன் உடம்பிலிருந்தே உருவாக்கித் தருவதாக நினைத்துப் பார்த்தால், அதன் சிரமம் நமக்கு விளங்கும்.

இந்த நிலையில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் இரண்டும் நேர் எதிரானவை. கீரையும் மரக்கறியும்தான் பறவையைக் கிளப்பிவிடுகின்றன, முட்டை நிற்கும்வரை விதை மட்டும் போடுங்கள் என்றார் ஒருவர். கல்சியம் வற்றிப்போகும், அவித்த மரக்கறியும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள் என்றார் இன்னொருவர். இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். எதைக் கொடுக்கிறோம் என்பதோடு எந்த உருவில், எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதும் இதில் சமமாகவே முக்கியம் என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு.

காக்டெய்லின் பூர்வீகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் முளைத்து, பால் பிடித்த பச்சைக் கதிர்கள் நிறையும்போதுதான் குஞ்சுகளை வளர்க்க வழி பிறக்கும். ஆகவே மிருதுவான, ஈரமான, அள்ள அள்ளக் குறையாத உணவைக் கண்டால் இதன் உடல் அதை இனப்பெருக்கக் காலமாக எடுத்துக்கொண்டு ஓமோன்களைச் சுரக்கத் தொடங்குகிறது. எந்தப் பச்சை நல்லது என்று தீர்மானிப்பதற்கு இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

முதலில், பச்சையை அடியோடு நிறுத்தும் வழி. கடையில் கிடைக்கும் கலவை பெரும்பாலும் தினையும் சூரியகாந்தி விதையுமாக இருக்கும். அதில் விற்றமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. கல்சியமும் மிகக் குறைவு. விற்றமின் ஏ குறைந்தால் வாய், மூச்சுக்குழாய், முட்டைக்குழாய் ஆகியவற்றின் உட்தோல் தடித்துப் பலவீனமடைகிறது. முட்டை வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். சூரியகாந்தி விதையின் கொழுப்போ, நாம் அடக்க நினைக்கும் அதே உந்துதலுக்கு வலுச் சேர்க்கிறது. நான் பத்து நாட்கள் இப்படி விட்டுப் பார்த்தேன். முட்டை நிற்கவில்லை. கடைசி முட்டையின் ஓடு விரல் பட்டதும் அமுங்கும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. அந்த ஓட்டைக் கையில் வைத்திருந்த நிமிடத்திலேயே இந்த வழியைக் கைவிட்டேன். வேறு யாருக்கும் இதைச் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

இரண்டாவது வழி, அவித்துப் பொடியாக நறுக்கிய கலவை. சத்தை மட்டும் பார்த்தால் இதைக் குறைசொல்ல முடியாது: கரட்டையும் பூசணியையும் இலேசாக அவித்தால் அவற்றிலுள்ள பீற்றா கரோட்டின் (உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து) உடலில் சேர்வது அதிகரிக்கிறது. ஓமோன் கிளர்ச்சி இல்லாத பறவைக்கும், நோயிலிருந்து எழும் பறவைக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். முட்டையிடும் பறவைக்கோ, சோடிப் பறவை தன் வாயிலிருந்து ஊட்டும் உணவைப் போலவே இது வெதுவெதுப்பாகவும் குழைவாகவும் இருப்பதுதான் சிக்கல். எங்கள் அம்மா குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று இரவு ஏழு மணிக்கு அவித்த பூசணியை ஒரு கிண்ணத்தில் வைப்பார். பறவை இரண்டு வாய் தின்றுவிட்டு, கிண்ணத்தின் விளிம்பில் நெஞ்சைச் சாய்த்து, வாலை உயர்த்திக்கொண்டு, மெல்லிய குரலில் விட்டு விட்டுக் கத்தும். "பாவம், பசியில்தானே கத்துது" என்பார் அம்மா. அது பசிக்குரல் அன்று, சோடியை அழைக்கும் குரல் என்று எனக்குப் புரியவே இரண்டு மாதங்கள் ஆயின. அதே பூசணியைக் காலையில், அவிக்காமல், பச்சையாகத் துருவி வைத்தபோது அந்த அழைப்பு இல்லை.

முளைகட்டிய பயறும் முளைவிட்ட தினையும் மூன்றாவது வழி. பறவை வளர்ப்போர் இதை உச்சிமேல் வைத்துக் கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. முளைக்கும்போது விதையின் மாச்சத்து குறைந்து விற்றமின்கள் கூடுகின்றன. ஆனால் சோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் பறவையைத் தயார்படுத்தக் கொடுப்பதும் இதே முளைகளைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மழைக்குப் பின் காட்டில் கிடைக்கும் இளம் விதைக்கு மிக நெருக்கமான உணவு இதுவே. தோட்டத்துக் கொல்லையில் பறித்த பால்சோளத்தையும் இதே கணக்கில் சேர்க்கலாம். மலைநாட்டுக்கென்று இன்னொரு இடரும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வெக்கையில் ஒரே இரவில் முளைவிடும் பயறு, நுவரெலியாவின் குளிரில் இரண்டு மூன்று நாட்கள் ஈரத்துணியில் கிடக்கிறது. அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. பூஞ்சண வித்துகள் பறவையின் காற்றுப்பைகளில் தங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முட்டை நிறுத்தாத பறவைக்கு இந்த வழி இப்போதைக்கு வேண்டாம்.

எஞ்சியிருப்பது, பச்சை இலையைக் காம்போடு கொத்தாகக் கட்டிக் கூட்டின் உயரத்தில் தொங்கவிடுவது. என் தெரிவு இதுதான். குளிர்ந்த, நார்ப்பிடிப்பான, பிய்த்துத் தின்ன வேண்டிய இலை, பறவைக்கு உணவாக இருக்கும் அளவுக்கு வேலையாகவும் இருக்கிறது. காலையில் அரை மணிநேரம் அதைக் கிழித்துக்கொண்டிருக்கும் பறவை, அந்த அரை மணிநேரம் கூட்டின் மூலையில் பதுங்குவதில்லை. கிண்ணத்தில் குவித்து வைக்கும் உணவு தரும் "எல்லாம் நிறைந்திருக்கிறது" என்ற செய்தியும் இதில் இல்லை. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பழக்கமில்லாத காக்டெய்ல் இலையைக் கண்டாலே பயந்து ஒதுங்கும். எங்களுடையது ஒன்பதாம் நாள்தான் முதல் முறை கொத்திப் பார்த்தது. அதுவரை விதையை ஒரேயடியாகக் குறைத்துப் பட்டினி போடக்கூடாது. சமையல் தராசில் காலைதோறும் நிறுத்துப் பார்த்து, நிறையில் பத்தில் ஒரு பங்கு குறையும் முன்பே பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும்.

எந்த இலை என்பதில்தான் எங்கள் ஊர்ச் சந்தையை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கீரைக்கட்டு என்றதும் கைக்கு வருபவை பொன்னாங்காணியும் முளைக்கீரையும் பசளியும். இவை மூன்றிலும், பீற்றூட் இலையிலும் ஒட்சலேற்று அதிகம். அது கல்சியத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாமல் வெளியேற்றிவிடுகிறது. முட்டை ஓட்டுக்காகக் கல்சியம் தேடும் பறவைக்கு இவற்றையே தினமும் கொடுப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதற்குச் சமம். கிழமைக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுப்பதில் தவறில்லை. முருங்கை இலை இவற்றைவிட எத்தனையோ மேல். கல்சியமும் பீற்றா கரோட்டினும் செறிந்தது. ஆனால் முருங்கை எங்கள் உயரத்தில் செழிக்காது. கீழ்நாட்டிலிருந்து லொறியில் வந்து சேர்வதற்குள் இலை உதிரத் தொடங்கிவிடும். கேல் கீரை நுவரெலியாப் பக்கமே விளைகிறது; கல்சியம் நிறைந்தும் ஒட்சலேற்று குறைந்தும் இருப்பதால், காசு கொடுத்து வாங்குவதென்றால் அதையே வாங்குவேன். வல்லாரையை மாற்றத்துக்காக இடையிடையே கட்டலாம். கோவா இலையைத் தினமும் கொடுப்பது சரியன்று; விதையே பிரதான உணவாக உள்ள பறவைக்கு அயடீன் ஏற்கெனவே குறைவு, கோவா அந்தக் குறையைத் தைரோய்ட் சுரப்பியில் மேலும் கூட்டும். சலாது இலையில் பெரும்பகுதி தண்ணீர்.

யாரும் காசு கேட்காத இலை ஒன்றும் இருக்கிறது. கரட் கழுவும் இடங்களில் கிழங்கை எடுத்துக்கொண்டு குவியலாக ஒதுக்கிவிடும் கரட் இலைதான் அது. நுண்ணியதாகப் பிரிந்த அந்த இலை காக்டெய்லின் சின்ன அலகுக்கு வாகானது; எங்கள் பறவை முதலில் வாய் வைத்ததும் அதில்தான். ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து உதறினால் மண்ணோடு மருந்து வாடையும் வரும். எங்கள் பகுதி மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பு எவ்வளவு என்பது இங்கே வாழும் எவருக்கும் தெரியும். ஆகவே ஓடும் தண்ணீரில் மூன்று தரம் அலசி, அரை மணிநேரம் ஊறவைத்து, மறுபடி அலசி, ஈரம் போக உலர்த்திய பிறகே கட்டுகிறேன். வீட்டுக் கொல்லையில் மருந்தில்லாமல் விளைந்தது கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

இலைக்குத் துணையாகக் கொடுக்கும் மரக்கறிகளில் பச்சைக் கரட்டைத் தோலோடு கம்பிக்கிடையில் செருகிவிடுவது நல்லது. சிவப்பு மிளகாயும் கொடுக்கலாம். அதன் காரம் பறவைக்குத் தெரியாது, விற்றமின் ஏ ஆக மாறும் சத்து அதில் நிறைய உண்டு. போஞ்சியை இளங்காயாகத் தரலாம், காய்ந்த விதையை வேகாமல் தரவே கூடாது. பீற்றூட் துண்டு கொடுத்தால் எச்சம் சிவந்துவிடும். இரத்தமென்று கலங்க வேண்டியதில்லை.

இரண்டு வகைப் பொருட்கள் எங்கள் வீடுகளில் எப்போதும் இருப்பதால் தனியாகச் சொல்கிறேன். கொல்லை மரத்து அவகாடோ பறவையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லக்கூடியது; பழமும் இலையும் கொட்டையும் எதுவும் ஆகாது. லீக்ஸும் வெங்காயமும் வெள்ளைப்பூடும் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. மரக்கறிக் கூடையில் பக்கத்தில் கிடந்தது என்று ஒரு துண்டைக்கூட நீட்ட வேண்டாம்.

உணவை மட்டும் திருத்தினால் போதுமா என்றால், போதாது. நீண்ட பகலும் பறவையை முட்டையிடத் தூண்டும். எங்கள் மலைநாட்டில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணிநேரத்துக்கும் குறைவு. எனவே எங்கள் பறவைகளுக்குப் பகலை நீட்டுவது பெரும்பாலும் இரவு பத்து மணிவரை எரியும் மின்குமிழ்தான். மாலை ஆறரைக்குக் கூட்டை மூடி, காலை ஆறரைக்குத் திறக்கிறேன். முட்டையிடும் இடமாகத் தோன்றும் அலுமாரியின் அடியை அடைத்து, வெறும் பிஸ்கட் பெட்டியையும், சோடிபோலத் தோன்றும் கண்ணாடியையும் அகற்றினோம். ஓமோனைக் கிளப்பும் என்பதால் முதுகைத் தடவுவதை விட்டு, தலையை மட்டும் தடவுகிறோம். எந்த இலையில் எவ்வளவு கல்சியம் இருந்தாலும் விற்றமின் டி இல்லாமல் அது எலும்பில் சேராது. யன்னல் கண்ணாடி அதற்கு வேண்டிய கதிரை மறித்துவிடும். மூட்டம் விலகும் நாட்களில் கூட்டை முற்றத்தில் இருபது நிமிடங்கள், பாதி நிழலில் வைக்கிறேன். கல்சியத்துக்காகக் கணவாய் ஓடு எந்நாளும் கூட்டில் இருக்கிறது.

இத்தனையும் முட்டை வருமுன் தடுப்பதற்கான வரிசை. முதல் முட்டை வந்துவிட்டால் வரிசை மாறும். அப்போது உணவைக் குறைப்பது பறவையின் எலும்பையே கரைப்பதாகும். கேல், முருங்கை, கரட் இலை ஆகியவற்றைத் தினமும் கொடுத்து, விதையையும் வழமையான அளவில் வைக்க வேண்டும். முட்டைகளை எடுத்துவிடவும் கூடாது, எடுத்தால் குறைந்த எண்ணிக்கையை ஈடுசெய்ய அது மறுபடி இடும். மூன்று கிழமைகளில் அதுவே சலித்து எழுந்துவிடும். பறவை உடலைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் தரையில் உட்கார்ந்து, வாலை மேலும் கீழும் அசைத்து முக்கினால் முட்டை சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போது எந்த இலையும் உதவாது. குளிர் படாமல் துணி சுற்றிய பெட்டியில், பக்கத்தில் வெந்நீர்ப் போத்தலோடு, பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள மிருக வைத்தியரிடமோ அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில்தான் பறவைகள் இறக்கின்றன.